செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

மாலை ஏழு மணி. குன்னூரில் மூடுபனி இறங்கிவிட்டது. எதிர்வீட்டு விளக்குகூட மங்கலாகத்தான் தெரிகிறது. தகரக் கூரையின்மேல் மழை கொட்டுகிறது. நீங்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கிறீர்கள். செய்தி தொடங்குகிறது. “நீலகிரி மாவட்டத்தில் கனமழை” என்று படிக்கிறார் செய்தி வாசிப்பவர். அவருக்குப் பின்னால் பச்சைப்பசேல் என்று ஒரு தேயிலைத் தோட்டம். அதன் நடுவே வளைந்து செல்லும் நீல நிற மலை ரயில். படத்தில் நல்ல வெயில்!

சன்னலுக்கு வெளியே நீங்கள் காண்பது ஒன்று. அதே ஊர் என்று திரையில் காட்டப்படுவது வேறொன்று. அப்படியானால் செய்தி வாசிப்பவர் எங்கே இருக்கிறார்? பெரும்பாலும் சென்னையில், சன்னலே இல்லாத ஓர் அறையில். அவருக்குப் பின்னால் தேயிலைச் செடியும் இல்லை, ரயிலும் இல்லை. ஒரு வெறும் பச்சைத் துணி தொங்கிக்கொண்டிருக்கலாம். அல்லது லட்சக்கணக்கான சிறு விளக்குப் புள்ளிகளால் ஆன ஒரு சுவர் இருக்கலாம்.

இந்தப் பின்னணியை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடாதீர்கள். அதன் நிறம், தூரம், வெளிச்சம், அதிலுள்ள எழுத்தின் பருமன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பௌதிகத்தில் ஒரு காரணம் உண்டு. மலையில் மண் சரியும் நாட்களில் அது உயிர்களைப் பற்றிய விஷயமாகவும் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு வருவோம்; முதலில் கொஞ்சம் பழைய கதை.

சாம்பல் நிறக் காலம்

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15-ல் டில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15-ல் தொடங்கப்பட்டது. பின்னாளில் ‘பொதிகை’ என்றும், 2024 முதல் ‘டிடி தமிழ்’ என்றும் பெயர் பெற்றது இந்த நிலையம்தான். நீலகிரியில் இருந்தவர்களுக்கு அந்த ஒளிபரப்பு அப்போது கிட்டவில்லை. தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போலவே நேர்கோட்டில் செல்பவை. 400 கி.மீ.க்கு அப்பால் இருக்கும் மலையைச் சென்னைக் கோபுரம் எப்படி எட்டிப் பார்க்கும்? செயற்கைக் கோள்கள் வந்த பிறகே மலைக்கும் படம் வந்தது.

அந்நாளைய செய்தி அரங்கு மிக எளியது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, பின்னால் ஒரே நிறத்தில் ஒரு தட்டி. ஆனால் அந்தத் தட்டிக்கு என்ன நிறம் பூசுவது என்பது எளிய கேள்வி அல்ல. ஒளிபரப்பு கறுப்பு-வெள்ளை. எல்லா நிறங்களும் சாம்பலாக மாறித்தான் வீட்டுக்கு வந்து சேரும். நம் கண்ணுக்குப் பச்சை மிகப் பிரகாசமாகவும், சிவப்பு அதைவிடக் குறைவாகவும், நீலம் மிகக் குறைவாகவும் படுகின்றன. தொலைக்காட்சிப் பொறியியலும் இதையே பின்பற்றுகிறது. வெண்மையின் பிரகாசத்தை 100 என்று கொண்டால், அதில் பச்சையின் பங்கு 59, சிவப்பின் பங்கு 30, நீலத்தின் பங்கு 11.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். முழுச் சிவப்பு நிறச் சேலைக்குப் பிரகாசம் 30. பாதி வலுவுள்ள பச்சை நிறத் தட்டிக்கு 29½. நேரில் பார்த்தால் சிவப்பும் பச்சையும் பளிச்சென்று பிரிந்து நிற்கும். கறுப்பு-வெள்ளைப் பெட்டியிலோ இரண்டும் ஒரே சாம்பல்! சேலை தட்டிக்குள் கரைந்துபோக, முகமும் கைகளும் மட்டும் தனியே தெரியும். 1982-ல், டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த ஆண்டில், வண்ண ஒளிபரப்பு வந்தது. ஆயினும் பல ஆண்டுகள் வரை பெரும்பாலான வீடுகளில் பழைய பெட்டிகளே இருந்தன. ஆகவே அரங்கு அமைப்பவர் ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு முறை சோதிக்க வேண்டியிருந்தது. வண்ணத்தில் ஒரு முறை, சாம்பலில் ஒரு முறை.

வெள்ளை நிறத்தில் வேறொரு தொல்லை. மிகப் பிரகாசமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தாலும் நம் கண் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். அந்நாளைய காமிராக் குழல்களால் சுமார் 30 அல்லது 40 மடங்கு வேறுபாட்டைத்தான் ஒரே படத்தில் தாங்க முடிந்தது. தும்பைப்பூ போன்ற வெள்ளைச் சட்டை அணிந்து, வெள்ளைச் சுவரின் முன் ஒருவர் அமர்ந்தால், காமிரா அந்த வெண்மைக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ளும். விளைவு, முகம் கறுத்து, கண்ணும் மூக்கும் தெரியாமல் போகும். நம் மாநிறத் தோலுக்கு நடுத்தரச் சாம்பலோ வெளிர் நீலமோதான் பொருத்தமான பின்னணி. செய்தி வாசிப்பவர்களின் சேலை நிறத்தைப் பற்றி வீடுகளில் நிறையப் பேசினார்கள்; பின்னால் இருந்த தட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. யாரும் பேசவில்லை என்றால், அதை அமைத்தவர் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று பொருள்!

குன்னூரில் ஒரு நிலையம் அமைப்போம்

ஒரு கற்பனை செய்துகொள்வோம். குன்னூரில் ஒரு சிறு செய்தி நிலையம் அமைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையைக் கொடுத்துவிட்டார்கள். சிமெண்டுச் சுவர், சிமெண்டுத் தரை. உள்ளே போய் ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். ஒலி உடனே அடங்காது, ரீங்காரமிட்டுக்கொண்டே இருக்கும்.

ஓர் அறையில் ஒலி எவ்வளவு நேரம் தங்கும் என்பதைக் கணக்கிட வழி கண்டவர் அமெரிக்கப் பௌதிக ஆசிரியர் சபின். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. 1895 முதல் அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு ஒலி குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து கிடைத்த விதி மிக எளிது. அறையின் கன அளவை 0.16-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி தங்கும் நேரம் விநாடிகளில் கிடைக்கும்.

நம் அறையின் கன அளவு 192 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 208 சதுர மீட்டர். சிமெண்டு தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். ஆகவே உறிஞ்சும் பரப்பு சுமார் 5 சதுர மீட்டரே. கணக்கிட்டால், ஒலி ஆறு விநாடி தங்குகிறது! ‘குன்னூர்’ என்று சொல்லி முடித்து அடுத்த வாக்கியத்தின் பாதிக்கு வந்த பிறகும் பழைய ‘குன்னூர்’ காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். செய்தி அரங்குக்கு இது அரை விநாடிக்கும் கீழே வர வேண்டும். 0.4 விநாடி வேண்டுமென்றால் 77 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு தேவை. தரையில் கம்பளம், சுவரில் துளையிட்ட பலகை, அதற்குப் பின்னால் கண்ணாடி நார்ப் பஞ்சு என்று அடுக்குவது இதற்காகவே. செலவுக்கு வழியில்லாத சிறு கேபிள் நிலையங்களில் கனமான திரைச் சீலைகளைத் தொங்கவிட்டே ஓரளவு சமாளிக்கிறார்கள்.

குன்னூருக்கென்று தனியாக ஒன்றும் செய்யவேண்டும். தகரக் கூரையில் விழும் மழையின் ஓசையைப் பஞ்சால் மட்டும் தடுக்க முடியாது. கூரைக்குக் கீழே, அதைத் தொடாமல், கனமான இன்னொரு கூரை போட வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள காற்று இடைவெளி அதிர்வை எளிதில் கடத்தாது. அறைக்குள் ஓர் அறை என்று சொல்லலாம்.

அடுத்தது வெளிச்சம். செய்தி வாசிப்பவருக்கு முன்னால், சற்று ஒரு பக்கமாக, ஒரு முதன்மை விளக்கு. மறுபக்கம், அது உண்டாக்கும் நிழலை மென்மையாக்க இன்னொன்று. மூன்றாவது விளக்குத்தான் நமக்கு முக்கியம். அது அவருக்குப் பின்னால், மேலேயிருந்து, தலையிலும் தோளிலும் விழும். நம்மவர்களின் தலைமுடி கறுப்பு. பின்னணியும் கருநீலமாக இருந்துவிட்டால் தலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று காமிராவுக்குத் தெரியாது. பின்விளக்கு முடியின் விளிம்பில் ஒரு மெல்லிய ஒளிக் கோட்டை வரைந்து இரண்டையும் பிரித்துவிடும்.

முன்பெல்லாம் அரங்க விளக்குகள் ஒவ்வொன்றும் ஓரிரு கிலோவாட் மின்சாரம் தின்றன. 20 கிலோவாட் என்றால் இருபது இஸ்திரிப் பெட்டிகளை ஒரே அறையில் எரியவிட்டதற்குச் சமம்! சென்னையில் குளிர்சாதனம் இல்லாமல் அங்கே உட்காரவே முடியாது. குன்னூரிலோ ஒருவேளை அந்த வெப்பத்தை வரவேற்றிருப்பார்கள். இப்போது எல்.இ.டி. விளக்குகள் மிகக் குறைந்த மின்சாரத்தில் அதே வெளிச்சத்தைத் தருகின்றன.

ஆனால் மலையில் வெப்பமான அறை ஒரு வம்பை இழுத்து வரும். வெளியே பனியில் படம் பிடித்துவிட்டு வரும் நிருபர் குளிர்ந்துபோன காமிராவை நேரே அரங்குக்குள் கொண்டுவந்தால், அறைக் காற்றிலுள்ள நீராவி லென்ஸின்மேல் நீர்த்துளிகளாகப் படியும். சூடான தேநீரைக் குடிக்கும்போது அப்பாவின் மூக்குக் கண்ணாடியில் படிவதும் இதே ஆவிதான். காமிராவை ஒரு பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உள்ளே கொண்டுவந்து, அறை வெப்பத்தை அது அடைந்த பிறகே பையைத் திறக்க வேண்டும். துடைத்தால் மட்டும் போதாது. ஈரம் உள்ளே தங்கினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மலைவாழ் புகைப்படக்காரர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பது இதனால்தான்.

செய்தி வாசிப்பவரைச் சுவரோடு ஒட்டி உட்கார வைக்காதீர்கள். இரண்டு அல்லது மூன்று மீட்டர் முன்னால் தள்ளி அமர்த்துங்கள். அவருடைய நிழல் சுவரில் விழாமல் தரையில் விழுந்து மறையும். லென்ஸ் அவர் முகத்தைக் குவிக்கும்போது பின்னால் உள்ளது சற்று மங்கும். பார்ப்பவர் கவனமும் முகத்தில் நிற்கும்.

மாயச் சுவர்

இனி அந்தத் தேயிலைத் தோட்டத்தைப் பின்னால் எப்படிக் கொண்டுவருவது? முன்பு பெரிய படத்தை அச்சிட்டு ஒட்டினார்கள். இப்போது பச்சைத் துணி முறை எங்கும் பரவிவிட்டது. காமிரா தரும் படம் பல லட்சம் புள்ளிகளால் ஆனது. மின்னணுக் கருவி ஒவ்வொரு புள்ளியையும் “நீ பச்சையா?” என்று கேட்கிறது. ஆம் என்றால் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு, வேறு படத்தில் அதே இடத்திலுள்ள புள்ளியை வைக்கிறது. இல்லை என்றால் விட்டுவிடுகிறது. விநாடிக்கு 25 படங்களுக்கும் இதே விசாரணை!

இதன் மூதாதை திரைப்படத்தில் பிறந்தது. 1940-ல் வெளிவந்த ‘பாக்தாத் திருடன்’ என்னும் ஆங்கிலப் படத்தில், லாரி பட்லர் என்பவர் நீலத் திரையைப் பயன்படுத்தி இரு காட்சிகளை இணைத்தார்; அதற்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. ஏன் நீலம் அல்லது பச்சை? மனிதத் தோல், மாநிறமானாலும் வெளுப்பானாலும் கறுப்பானாலும், சிவப்பும் மஞ்சளும் கலந்தது. சிவப்புத் திரையை வைத்தால் கருவி முகத்தையும் சேர்த்து அழித்துவிடும். தோலில் மிகக் குறைவாக இருக்கும் நிறங்களே பாதுகாப்பானவை. இன்றைய காமிராக்களின் உணர்தகட்டில் ஒவ்வொரு நான்கு உணர்புள்ளிகளிலும் இரண்டு பச்சைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஆகவே பச்சையைத்தான் காமிரா மிகத் துல்லியமாகப் பார்க்கிறது. நீலத்தை முந்திக்கொண்டு பச்சை வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் குன்னூரில் பச்சைத் துணியை மாட்டும் முன் சற்று யோசியுங்கள். தேயிலை விலை பற்றிப் பேச ஒரு சிறு விவசாயி வருகிறார். கையில் அன்று பறித்த கொழுந்து, இரண்டு இலையும் ஓர் அரும்புமாக. அதைக் காமிரா முன் நீட்டுகிறார். கருவி கேட்கிறது, “நீ பச்சையா?” இலைகள் மறைந்து, இலை வடிவத்தில் இரண்டு ஓட்டைகள் உண்டாகி, அவற்றின் வழியே மலை ரயில் தெரிகிறது! தேயிலை நாட்டில் நீலத் துணிதான் நல்லது. நீலச் சீருடை அணிந்த பள்ளி மாணவர்களைப் பேட்டிக்கு அழைக்கும் நாளில் மட்டும் பச்சைக்கு மாறிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தலைகள் மட்டும் அந்தரத்தில் மிதக்கும்.

பின்னால் வைக்கும் படத்தையும் ஆராய்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். தொட்டபெட்டா சிகரத்திலிருந்து, 2,637 மீட்டர் உயரத்திலிருந்து, கீழ்நோக்கி எடுத்த படத்தை வைத்துவிட்டால், செய்தி வாசிப்பவர் உதகை நகரத்தின்மேல் குந்தியிருக்கும் பூதம் போலத் தோன்றுவார். சமதரையில் நின்று பார்ப்பவருக்குத் தொடுவானம் எப்போதும் அவருடைய கண் மட்டத்தில்தான் இருக்கும். ஆகவே படத்தின் தொடுவானமும் அரங்கக் காமிராவின் மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளிச்சமும் அப்படியே. படத்தில் வெயில் இடப்புறமிருந்து அடிக்க, முகத்தில் விளக்கு வலப்புறமிருந்து விழுந்தால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண்ணுக்கு ஏதோ உறுத்தும்.

சில நிலையங்களில் செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் பலர் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து மும்முரமாக வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது உண்மையான செய்தி அறையாக இருக்கலாம். அப்படியானால் நடுவே இரண்டு அடுக்குக் கண்ணாடி இருக்கும், ஓசை வராமல் தடுக்க. கண்ணாடியை இலேசாகச் சாய்த்திருப்பார்கள், விளக்குகள் அதில் பிரதிபலிக்காமல் இருக்க. அல்லது அது முன்பே எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்ட படமாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பின்னால் கோப்புடன் நடந்து போகும் ஒருவரைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் அதே ஆள், அதே சட்டையுடன், அதே கோப்புடன், அதே இடத்தில் நடந்து போனால் விஷயம் புரிந்துவிடும்!

புள்ளியின் கதை

பின்னணியில் எழுதும் எழுத்தில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் நாட்டின் பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு படம் 625 கிடைக்கோடுகளால் ஆனது. கோடுகளை வரிசையாக வரையாமல், முதலில் ஒற்றைப்படைக் கோடுகளையும், பிறகு இரட்டைப்படைக் கோடுகளையும் மாற்றி மாற்றி வரைவார்கள். ஆகவே ஒரே ஒரு கோட்டின் உயரமே உள்ள எந்தப் பொருளும் ஒரு முறை வரையப்படும், மறு முறை விடுபடும். திரையில் படபடவென்று துடிக்கும்.

மெய்யெழுத்தின் தலையில் உள்ள புள்ளியை நினைத்துப் பாருங்கள். எழுத்தைச் சிறிதாக்கினால் முதலில் பலியாவது அதுதான். ஒரு கோட்டளவுக்கு அது சுருங்கியதும் துடிக்கத் தொடங்கும்; அதற்கும் கீழே போனால் மறைந்தே போகும். ஆங்கில எழுத்தின் அளவைப் பார்த்துத் தமிழ் எழுத்தின் அளவை முடிவு செய்யக் கூடாது. புள்ளிக்குக் குறைந்தது இரண்டு மூன்று கோடுகள் கிடைக்கும்படி எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். இன்றைய கூர்மையான திரைகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. என்றாலும், கைப்பேசியில் செய்தி பார்ப்பவர்களுக்கு எழுத்து மறுபடியும் சிறிதாகிவிட்டது என்பதை அரங்கு அமைப்பவர்கள் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

கையகல மாவட்டம்

இப்போது நாம் தள்ளி வைத்த விஷயத்துக்கு வருவோம். செய்தி அரங்கின் பின்னணிகளில் மிகவும் பயனுள்ளதும், மிக எளிதாகத் தவறான எண்ணத்தைத் தரக்கூடியதும் வானிலைப் படம்தான்.

1954 ஜனவரி 11 அன்று லண்டன் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஜார்ஜ் கௌலிங் என்ற வானிலை அலுவலர் திரையில் தோன்றி, தாங்கியில் பொருத்திய நிலப்படத்தில் கரியால் கோடு வரைந்து வானிலையை விளக்கினார். அவருக்கு முன்னால் படம் உண்மையாகவே இருந்தது. இன்று பச்சைத் துணி முன் நின்று வானிலை சொல்பவருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் வைத்த ஒரு பெட்டியில் தம் உருவத்தையும் படத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே வெற்றுத் துணியில் ‘இங்கே சென்னை, இங்கே மதுரை’ என்று கையைக் காட்டுகிறார். அது கண்ணாடி பிம்பமும் அல்ல. அவர் வலக் கையைத் தூக்கினால் நாம் கண்ணாடியில் பார்த்துப் பழகியதற்கு எதிர்ப்புறம் தூக்குவது போலத் தெரியும். முதல் நாளில் தடுமாறாதவர் இருக்க மாட்டார்.

அவருக்குப் பின்னால் தமிழ்நாட்டுப் படம் 2 மீட்டர் உயரத்தில் தெரிவதாக வைத்துக்கொள்வோம். மாநிலத்தின் வடக்கு-தெற்கு நீளம் ஏறத்தாழ 600 கி.மீ. அப்படியானால் படத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 3 கி.மீ. தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கி.மீ.; நீலகிரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 2,500 சதுர கி.மீ. அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. வானிலை சொல்பவர் விரல்களை விரித்துக் கையை வைத்தால் ஏறக்குறைய மாவட்டமே அதற்குள் அடங்கிவிடும்.

அந்தக் கைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில் அவலாஞ்சி. அங்கிருந்து குன்னூர் நேர்கோட்டில் 25 கி.மீ.க்குள்தான். படத்தில் அது சுமார் 8 செ.மீ.; சேர்த்து வைத்த நான்கு விரல்களின் அகலம். 2019 ஆகஸ்டு 8 காலை வரையிலான 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையில் பாதிக்கு மேல், ஒரே நாளில்! நான்கு விரல் தள்ளியிருந்த குன்னூரில் பெய்ததோ அதில் ஒரு சிறு பங்கு.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மலையின் மேற்கு முகத்தில் மோதுகிறது, மேலே ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதனிடம் அவ்வளவு ஈரம் மிஞ்சியிருப்பதில்லை. அக்டோபர், நவம்பரில் காற்று வங்கக் கடலிலிருந்து வருவதால் நிலைமை தலைகீழாகிறது. அப்போது குன்னூரும் கோத்தகிரியும் காற்றை எதிர்கொண்டு நிற்கும். 2009 நவம்பரில் இந்தப் பகுதிகளில் பெய்த மழையால் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; சாலைகளும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன.

இந்திய வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கைகளைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்களில், மாவட்டவாரியாகத் தருகிறது. அரங்கப் படத்தில் நீலகிரி முழுவதும் ஒரே நிறம் பெறுகிறது. ஆகஸ்டில் சிவப்பு வந்தால் குன்னூர்க்காரர் வெளியே எட்டிப் பார்த்து, “இங்கே தூறல்தானே, என்ன பெரிய எச்சரிக்கை!” என்று சொல்லிவிடக்கூடும். இரண்டு முறை அப்படிச் சொன்னவர், நவம்பரில் உண்மையாகவே தம் வீட்டுக்கு மேலுள்ள சரிவு ஊறிக்கொண்டிருக்கும்போதும் அதையே சொன்னால்? எச்சரிக்கை தவறு அல்ல. அதைக் காட்டிய படத்தில்தான் மலைக்குப் போதிய இடமில்லை.

ஆகவே உங்கள் குன்னூர் நிலையத்தில் மாநிலப் படத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அடுத்ததாக நீலகிரியை மட்டும் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டுங்கள். உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் ஆகிய ஆறு வட்டங்களையும் பிரித்து, பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையையும், கூடலூர்ச் சாலையையும், ரயில் பாதையையும் வரையுங்கள். எந்த மணிக்கு அளந்த மழை என்பதைப் புள்ளி தெரியும் அளவு எழுத்தில் எழுதுங்கள்.

தேயிலைத் தோட்டத்து ரயில் படத்தை என்ன செய்வது? சமவெளியில் இருப்பவருக்கு நீலகிரி என்றால் அந்தப் படம்தான் நினைவுக்கு வருகிறது; அதனால்தான் எந்தச் செய்தி வந்தாலும் அதையே எடுத்து மாட்டுகிறார்கள். அழகான படம், சந்தேகமில்லை. ஆனால் மகளை உதகை விடுதியில் படிக்க விட்டுவிட்டுத் திருப்பூரில் செய்தி பார்க்கும் தாய்க்கு அது எதையும் சொல்வதில்லை. இதைவிட மோசமானது, 2009-ல் இடிந்த சாலையின் படத்தைத் தேதி போடாமல் இன்றைய மழைக்குப் பின்னால் ஓடவிடுவது. அவள் பயணப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ‘கோப்புக் காட்சி’ என்று மூலையில் எழுதி, ஆண்டையும் போடுவதற்கு ஒரு கைப்பிடி அளவு இடம் போதும்.

நிருபர் உண்மையிலேயே மலையிலிருந்து நேரடியாகப் பேசுகிறார் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. அரங்கிலிருந்து கேள்வி கேட்டதும் அவர் உடனே பதில் சொல்வதில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறார், பிறகுதான் தலையாட்டுகிறார். கேள்வி 36,000 கி.மீ. உயரத்திலுள்ள செயற்கைக் கோளுக்குப் போய்த் திரும்ப 72,000 கி.மீ. பயணம் செய்கிறது. ஒளியின் வேகத்தில் போனாலும் கால் விநாடி ஆகும். பதில் வர இன்னொரு கால் விநாடி. படத்தைச் சுருக்கி விரிக்கும் கருவிகள் எடுக்கும் நேரம் தனி. கைப்பேசி வலையமைப்பு வழியாக வந்தாலும் தாமதம் உண்டு.

வகுப்பறையில் செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பறையில் தமிழ்நாட்டுப் படம் தொங்குகிறதா? அதன் வடகோடியிலிருந்து கன்னியாகுமரி வரை செ.மீ.யில் அளந்து, 600 கி.மீ.யை அந்த எண்ணால் வகுத்தால், ஒரு செ.மீ.க்கு எத்தனை கி.மீ. என்று தெரியும். இப்போது உங்கள் சுண்டு விரலை உங்கள் ஊர்மேல் வையுங்கள். விரலின் அகலத்துக்குள் எத்தனை கி.மீ. மறைகிறது? அதற்குள் எத்தனை ஊர்கள் இருக்கின்றன, அவற்றில் எவை மலையின் எந்தப் பக்கம், எவற்றில் ஆகஸ்டில் மழை, எவற்றில் நவம்பரில் மழை என்று நண்பர்களோடு பட்டியல் எழுதுங்கள். தாத்தா பாட்டியைக் கேட்டால் பட்டியல் சீக்கிரம் நிறையும்.